வண்டி உதறுது, அத்தான்

எங்கள் கார் உதறத் தொடங்கியது ஆனி மாதம், சாரல் பிடித்த முதல் வாரத்தில். தென்காசி தாண்டி மேலகரம் வரைக்கும் ஒழுங்காக வந்த வண்டி, குற்றாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இழுக்காமல் வெட்டி வெட்டிப் போனது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடித்தது. சும்மா நின்றாலே ஸ்டியரிங் நடுங்கியது. பெட்ரோலை வேறு தண்ணீராய்க் குடித்தது.

ஸ்பார்க் பிளக்தான். எனக்கு அப்போதே தெரியும். கட்டின பெண்டாட்டியிடம் இரண்டு வரி சேர்த்துப் பேசத் தெரியாத மனுஷன், பிளக் முனை தேய்ந்தால் என்னென்ன நடக்கும் என்று மட்டும் லீவில் வரும்போதெல்லாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். என் வீட்டுக்காரர் தளவாய், எனக்கு அத்தை மகன். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்க்கிறவர். இப்போது வடக்கே, பனிமலை அடிவாரத்தில் ஒரு முகாமில் இருக்கிறார். நான் ஆய்க்குடியிலிருந்து குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

தினம் சாயங்காலம் அவர் போன் வரும். "சாப்ட்டியாட்டி மஞ்சு? மழை உண்டா? சரி, வைக்கேன்." அவ்வளவுதான். தந்திகூட இதைவிட நீளமாக இருந்திருக்கும். அவர் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்தபடி நிற்பேன். ஆசை யாரை விட்டது?

அன்றைக்கு வேறு பேச்சு கிடைக்காமல், "வண்டி உதறுது, அத்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் உயிர் வந்துவிட்டது. "எங்கன வச்சு உதறுது? ஏத்தத்துலயா, சமதரையிலயா? போனை பானட்டு மேல வச்சு ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்."

வெகுநேரம் கேட்டார். பிறகு, "ஏர் ஃபில்டரா இருக்கும். கழத்தித் தட்டிப் பாரு. நாளைக்குச் சொல்லு" என்றார்.

மறுநாள் மேலகரத்தில் நாறும்பூநாதன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். அவர் ஒரு பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். முனை மழுங்கி, கரி அப்பியிருந்தது.

"நாலையும் மாத்திருவோம் தாயி. இப்படியே ஓட்டுனா ஒரு நாள் நடுரோட்டுல நிக்கும்."

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. பழையபடி மாட்டிருங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அவர் பெண்டாட்டி தினமும் அவர் கூடத்தானே சாப்பிடுகிறாள்.

அதன்பிறகு சாயங்காலங்கள் நீண்டன. ஃபில்டர் இல்லையென்றால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார், பங்க் மாற்றினேன். பேட்டரி ஒயர் என்றார், துடைத்தேன். சாரல் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்றார், ஆமாம் போட்டேன். பட்டாளத்து லாரியையே பிரித்து மேய்கிறவருக்கு இது பிடிபடவில்லையே என்று உள்ளுக்குள் சிரிப்பு. போனில் சத்தம் சரியாக விழவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். ஊடே ஊடே வண்டியல்லாத பேச்சும் வந்தது. என்ன சேலை கட்டியிருக்கிறாய் என்றுகூட ஒரு நாள் கேட்டுவிட்டார். கல்யாணமான புதிதில்கூடக் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஐந்தருவிப் பக்கம் போ. அந்த ஏத்தத்துல எப்படி இழுக்குன்னு கேக்கணும்" என்றார்.

போனைப் பக்கத்துச் சீட்டில் போட்டுக்கொண்டு போனேன். வண்டி வெட்டி வெட்டி ஏறியது. அருவிக்குக் கிட்டத்தில் நிறுத்தினேன்.

"கேக்கா அத்தான்?"

"கேக்கு. இன்ஜினை அணைச்சிட்டு அப்படியே இரு."

அணைத்த இன்ஜினில் கேட்க என்ன இருக்கிறது? அருவிதான் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே அவர் மூச்சு கேட்டது. அந்தச் சீட்டில் போனுக்குப் பதிலாக அவர் இருக்கக் கூடாதா என்று உடம்பெல்லாம் ஏங்கியது.

ஆடி பிறந்தது. ஒரு சாயங்காலம் நான் வழக்கம்போல ஆரம்பிக்கும் முன்பே அவர் குறுக்கிட்டார்.

"பிளக்குதான்ட்டி. நாலும் போயிருக்கு. நாளைக்கே மாத்திரு."

"இப்பத்தான் கண்டுபிடிச்சியளாக்கும்!"

"முத நாளே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கும்தான்" என்றேன்.

"அதுவும் தெரியும். லீவுல நான் பிளக்கைப் பத்திச் சொன்னதையெல்லாம் நீயும் கேட்டுட்டுத்தானே கெடந்த."

இரண்டு பேரும் சிரித்தோம். கள்ளன், இத்தனை நாளும் என் குரலைக் கேட்கத்தான் பேட்டரியையும் பெட்ரோலையும் இழுத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகுதான் ஏதோ உறைத்தது.

"பொறவு இன்னைக்கு ஏன் சொல்லுதிய?"



"நாளைக்கு எங்கள மேல ஏத்துதாங்க. அங்கன போன் எடுக்காது. பனிக்காலம் முடியுத வரைக்கும் கீழ வர முடியாது. நீ நடுரோட்டுல நின்னுட்டா யார்ட்டட்டி கேப்ப?"

மறுநாள் காலையில் நாறும்பூநாதன் அண்ணாச்சி நாலு பிளக்கையும் மாற்றினார். சாவியைத் திருகியதும் வண்டி பிடித்துக்கொண்டது. "இனி ஒரு குறையும் இருக்காது தாயி" என்றார். நல்ல மனுஷர், அவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?

குற்றாலத்து ஏற்றம் வந்தது. வண்டி அலுங்காமல் ஏறியது. ஒரே ஒரு தடவை உதறு என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அது கேட்கவில்லை.