மேட்டுத் தெருத் தபால்

அவள் எவ்வளவு முயன்றும் புருஷனின் சீருடைச் சட்டையின் மேல் பொத்தான் கழலவே மாட்டேன் என்றது. நாத்தனார் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"வெட்டிடட்டுமா அண்ணி?"

"வேணாம். நாளைக்கு அவர் போட்டுக்கணுமே."

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் தபால் பையோடு போன மனுஷன், மத்தியானம் பையில்லாமல் ஆம்புலன்ஸில் வந்தார். மேட்டுத் தெருப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்தாராம், அப்புறம் எழுந்திருக்கவில்லையாம். எது புரியவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எதுவுமே புரியவில்லை.

பையைப் போஸ்ட்மாஸ்டரே கொண்டுவந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கனைத்தார்.

"அந்தப் படிக்கட்டு முடியல சார், மூச்சு வாங்குது, வேற ஆளுக்குக் குடுங்கன்னு அவரே எழுதிக் கொடுத்தாரும்மா."

"அவரா? எழுதிக் கொடுத்தாரா?"

"ஆமா. தபால் குறைவா இருந்தாத்தான் தெருவைப் பக்கத்து ஆளோட சேர்க்க முடியும். ஒரு வாரம் எண்ணிப் பார்ப்போம். சரியா அந்த வாரம் பார்த்து மேட்டுத் தெருவுக்குக் கார்டாக் கொட்டுது! அந்த ஆளு தாங்க மாட்டான்னு இவர்கிட்டயே விட்டுட்டேன்."

அவள் பொத்தானை விட்டுவிட்டு எழுந்தாள்.

மூன்று மாதம் முன்பு, சாப்பிடும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "தபாலை எண்ணப் போறாங்க. குறைஞ்சா மேட்டுத் தெரு கையைவிட்டுப் போயிடும்." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத் தெரு, பாவம், மனசு கஷ்டப்படுகிறார் என்று நினைத்துவிட்டாள். நாற்பது தபால் கார்டு வாங்கி, மேட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒன்றாக எழுதிப் போட்டாள். 'நலமா? நாங்கள் நலம்.' பேர் போடவில்லை. கையெழுத்தை மாற்றி எழுதும் சாமர்த்தியம் அவளுக்கு ஏது!

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல சார்?"

"வீட்டுல சொன்னா பயப்படுவாங்கன்னாரும்மா."

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூக்குக்கண்ணாடி, ரப்பர் பேண்டு, பாதி பிஸ்கட் பாக்கெட். கடைசியில் ஓரமெல்லாம் நைந்துபோன ஒரு கார்டு.

"இது உங்க வீட்டுக்குத்தாம்மா. குடுக்க மறந்துட்டாரு போல."

மேட்டுத் தெரு விலாசத்தின் மேல் கோடு போட்டு அடித்திருந்தது. கீழே அவருடைய சாய்ந்த எழுத்து: 'வீடு பூட்டியிருக்கிறது. அனுப்பியவருக்கே திருப்பவும்.' அதற்கும் கீழே, இந்த வீட்டுக் கதவு எண்.

திருப்பிப் பார்த்தாள். 'நலமா? நாங்கள் நலம்.'

"என்ன அண்ணி அது?"

"தபால்."

கார்டை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அந்தப் பொத்தானைக் கழற்ற உட்கார்ந்தாள்.