முதுகுவலியை விசாரித்தவர்கள்

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "பிரேக்! பிரேக்!" என்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அந்தச் சத்தம் போயே போய்விட்டது, இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. அதற்கப்புறம்தான் வலைப்பூ எழுத ஆரம்பித்தார். அதற்கு 'இண்டிகேட்டர் போடுங்கள்' என்று பெயர்.

சமூக வலைத்தளங்களில் எல்லோரும் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்களாம். படிக்காமலே பகிர்கிறவர், திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறவராம். ஸ்பாம் அனுப்புகிறவனுக்கு லைசென்ஸையே பிடுங்க வேண்டுமாம். எல்லாம் மகள் சொல்லிக் கேட்டதுதான். கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கிற நான், அவர் எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை. இத்தனை வருஷம் காது கொடுத்தது போதாதா என்ற நினைப்பு.

கருத்துப் பெட்டியில் நடந்த கூத்துதான் பெரிது. "அருமையான பதிவு ஐயா! முதுகுவலியா? இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு தைலக்காரன் எழுதுவான். இவர் பொறுப்பாக, "வலி இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி" என்று பதில் போடுவார். லாட்டரியில் கோடி விழுந்திருப்பதாக எழுதும் ஒருத்திக்கும் அதே மரியாதைதான்.

"அப்பா, இதெல்லாம் மனுஷங்களே இல்ல, மெஷின்!" மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஸ்பாமைத் திட்டி எழுதுறதும் நீங்க, அதுக்குப் பதில் போடுறதும் நீங்களா?"

ஸ்பாமை வடிகட்டும் ஏதோ ஒன்றை மாட்டிவிட்டு அவள் ஊருக்குக் கிளம்பினாள். மறுநாளிலிருந்து பெட்டி காலி. தைலக்காரனும் இல்லை, லாட்டரிக்காரியும் இல்லை. இவர் ஃபோனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார்.

"என்னங்க, இன்னைக்கு யாரையும் திட்டலையா?" என்று கேட்டேன்.

கையை விரித்தார்.

எனக்குப் பகீரென்றது. குரல் போனபோதுகூட, எங்கேயோ ஒரு மூலையில் பேசிக்கொண்டுதானே இருக்கிறார் என்று தைரியமாக இருந்தேன். அதுவும் நின்றுபோனால் இந்த மனுஷரை நான் எங்கே போய்த் தேடுவது?

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், கடைக் கம்ப்யூட்டரில் முதல் பதிவிலிருந்து படித்தேன். வரிக்கு வரி அவர் குரல். ஓரிடத்தில், "யோவ், முன்னாடி பாருய்யா!" என்று எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு அழுகையும் வந்துவிட்டது. லென்ஸ் துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யாரோ வாசகி மாதிரி எழுதினேன்: "ஐயா, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்." அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், "மதியம் மாத்திரை போட்டீர்களா?" என்றும் சேர்த்துவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், அது கடையின் கணக்கிலிருந்து போயிருந்தது. அதிலிருந்து எது போனாலும் அடியில் தானாக ஒரு வரி ஒட்டிக்கொள்ளும்: "ஃப்ரேம் வாங்கினால் லென்ஸ் இலவசம்!" அவருடைய வலைப்பூவில் போய்ப் பார்த்தேன். என் கருத்தைக் காணோம். மகள் மாட்டிய வடிகட்டி என்னையும் விளம்பரக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

சாயங்காலம் சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். அவர் எனக்காகவே காத்திருந்தவர் போல ஃபோனை நீட்டினார். அதில் எனக்கென்று தட்டி வைத்திருந்தார்:

"தைலக்காரன் என்ன ஆனான்னு ஸ்பாம் பெட்டியில தேடிப் போனேன். அங்க நீ இருந்தே."

தைலத்துக்கும் லாட்டரிக்கும் நடுவில் என் கருத்து. என் கண் முன்னாலேயே 'ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானை அழுத்தினார். பிறகு மெதுவாகப் பதில் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவர், ஊர் பார்க்கிற இடத்தில் மரியாதையாக எழுதினார்:

"போட்டுக்கொண்டேன். நாளைக்கும் வந்து கேளுங்கள்."