முதல் வளைவில் ஒரு ஏர் ஹாரன்

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதமாகத் தொடங்கியது.

'ஐயா, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் என் வீடு. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி, லாரிக்குரிய ஏர் ஹாரனை அடித்துக்கொண்டு முதல் வளைவில் ஏறுகிறது. சட்டப்படி இது...'

வண்டி எண் வேண்டியிருந்தது. ஹாரனை மாட்டிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று, வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் பயாஸின் கடைக்குப் போனேன். திரும்பி வந்து கடிதத்தைத் தொடர முடியவில்லை. அதே தாளின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

'சத்தம் என்பது அதிகாரத்தின்...' வேண்டாம்.

'நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய காதுகள்...' இதை இப்போதே சொல்லக் கூடாது.

பொருளிலிருந்து தொடங்கலாம். லாரியில் பிரேக்குக்கென்று காற்றுத் தொட்டி இருக்கிறது. அதிலிருந்தே ஹாரனுக்கும் காற்று எடுக்கலாம். பிக்கப்பில் அது கிடையாது. ஒரு சின்ன கம்ப்ரசர், ஒரு குழாய், இரண்டு ஊதுகுழல், பேட்டரியிலிருந்து தனி ஒயர். பயாஸுக்கு அரை நாள் வேலை.

அவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது.

3

நாச்சிமுத்து அந்த பிக்கப்பில் ஏற்காட்டுக்குச் செங்கல்லும் சிமெண்டும் ஏற்றுகிறவர். ஹாரன் அடிக்கவில்லை என்று ஒரே வருடத்தில் நான்காவது முறையாகக் கடைக்கு வந்தார்.

"பாய், போன மாசம் போட்டதும் செத்துப்போச்சுங்க. என்ன சரக்குங்க விக்கறீங்க?"

பயாஸ் ஜன்னல் வழியாகக் கைவிட்டு ஹாரனை அழுத்தினார். நாச்சிமுத்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"அடிங்க பாய்."

"அடிச்சுக்கிட்டுத்தானுங்கண்ணா இருக்கேன்."

"அட, அடிங்கன்னா!"

எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார். "யோவ் பயாஸு, கைய எடுய்யா! டீ தொண்டையில எறங்க மாட்டேங்குது!"

பயாஸ் கையை எடுத்தார். நாச்சிமுத்து இன்னும் காத்துக்கொண்டிருந்தார்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். அவர் காத்துக்கொண்டிருந்தது போதும்.]

"மூணு ஹாரன் மாத்தினேங்க. மூணும் நல்ல ஹாரன்" என்றார் பயாஸ் என்னிடம். "ஒரு தடவகூட அவரைக் கேக்கவெச்சுப் பாக்கல. தப்பு எம்மேலயுந்தான்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"வாய் வரலீங்க. ஏர் ஹாரன் போடுங்கன்னாரு. போட்டேன்."

அதை முதன்முறை அழுத்தியபோது டீக்கடைப் பந்தலிலிருந்து காக்கைகள் கிளம்பின. நாச்சிமுத்து நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

"இதானுங்க பாய் ஹாரன்!"

4

(இது அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. இடம் போதவில்லை.

நாச்சிமுத்து இருபத்திரண்டு வருடம் ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டிலிருந்து ராஜஸ்தான்வரை போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். ரிக் ஓடும்போது யாரும் பேசுவதில்லை. டிரில்லர் கை மூடினால் நிறுத்து. கை விரித்தால் ஓட்டு. அதனால் காது எந்த ஊரில் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. வேலையை விட்டு வந்தபோது, வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டதாக நினைத்தார். உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். பார்க்க முடியாதபோது தலையாட்டினார்.)

5

அவருடைய மனைவி சாரதாமணியை நான் எழுதிய விதத்தை நானே நம்பவில்லை. முதல் பிரதியில் அவரை அழவைத்தேன். பயாஸ் சொன்னதில் அழுகையே இல்லை. ஹாரன் மாட்டிய மறுநாள் சாரதாமணி கடைக்கு வந்திருக்கிறார்.

"பாய், அவரு அடிக்கறது அவருக்கே கேக்கற மாதிரி மாட்டிட்டீங்க. சந்தோசம். மேல இருந்து பஸ்ஸுக்காரன் அடிக்கறது கேக்கற மாதிரி என்ன மாட்டுவீங்க?"

மலைப்பாதையில் வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பார்கள். பிறகு ஒரு மூச்சு நேரம் நிற்பார்கள். மேலே வண்டி இருந்தால் பதில் அடிக்கும். பதில் வந்தால் நிற்க வேண்டும். வராவிட்டால் ஏறலாம். நாச்சிமுத்து முறை தவறாதவர். அடிப்பார். நிற்பார். பதில் இல்லை என்று ஏறுவார்.

"டாக்டரப் பாத்தா காதுக்கு மிசின் மாட்டுவாங்களேக்கா?" என்றார் பயாஸ்.

"நேத்து மூஞ்சிக்கு நேரா சொல்லிப் பாத்துட்டேன். மிசின் மாட்டுனா செவுட்டு டிரைவருன்னு எவன் லோடு குடுப்பான்னு கேக்கறாரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நாம் பாத்துக்கறேன்."

அடுத்த நாள் காலை சாரதாமணி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கணவரின் முகத்துக்கு நேரே பேசினார்.

"ஓட்டறதுன்னா நானும் வாரேனுங்க. இல்லீன்னா வித்துப்போடலாம்."

அன்றிலிருந்து வளைவுக்கு வளைவு அவர் கேட்டார். பதில் வந்தால் கண்ணாடிக்கு முன்னால் கையை மூடிக் காட்டினார். வராவிட்டால் விரித்தார். நாச்சிமுத்து டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். "இப்ப இவதானுங்க டிரில்லரு. நானு வெறும் ஹெல்பரு."

ஆக, நாற்பது நாட்களாக நான் எழுதத் துடித்த கடிதம், இரண்டு பேர் கவனமாக மலை ஏறுவதைப் பற்றியது. ஹாரன் சட்டவிரோதம்தான். அந்த வரியை நான் திரும்பப் பெறவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று. கடிதத்தை அனுப்புகிறேன். ஹாரனைக் கழற்றி அபராதம் போடுகிறார்கள். காதை யாரும் சோதிப்பதில்லை. எனக்குத் தூக்கம் கிடைக்கிறது.

இரண்டு. காதுக் கருவி. எழுதிப் பார்த்தேன். அடுத்த பத்தியிலேயே நாச்சிமுத்து அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று. மூன்றாவது வளைவின் தடுப்புச் சுவர் உடைந்து

எழுதமாட்டேன்.

7

அவர்களுடைய மகள் அபிநயா மேட்டூரில் இருக்கிறாள். நிறைமாதம். வலி எடுத்துவிட்டது என்று நேற்று மாலை தகவல் வந்தது. சாரதாமணி பையில் துணியை அடுக்கியபடியே சொன்னார்.

"நான் வர வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாதுங்க. கேட்டுச்சுங்களா?"

நாச்சிமுத்துவால் அவருடைய உதட்டைப் பார்க்க முடியவில்லை. தலையாட்டினார்.

(இதை நான் பார்க்கவில்லை. புனைந்தேன். ஆனால் தலையாட்டினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.)

இப்போது காலை ஆறு மணி. முதல் வளைவில் ஏர் ஹாரன். பிறகு ஒரு மூச்சு.

மேலிருந்து பேருந்து பதில் அடித்துவிட்டது. என் மேசைவரை கேட்டது. நான் எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. எழுதி நிறுத்தவும் முடியாது. அவர் என் தாளைப் பார்த்து ஓட்டுவதில்லை.

அவருக்கு இடப்பக்க இருக்கை காலியாக இருக்கிறது. என்னால் முடிந்தது ஒன்றுதான். உங்களை அதில் உட்காரவைக்கிறேன். கதவைச் சாத்தியாயிற்று. பேருந்து அடித்தது உங்களுக்கும் கேட்டது.

அவர் உங்கள் கையைப் பார்க்கிறார்.