தொட்டிக்குள் இருந்த வெங்காயம்

மெக்கானிக்குக்கு எஞ்சின் உறுமுவதைக் கேட்டாலே கோளாறு புரிந்துவிடும். செடி விஷயத்தில் மனிதர் சுத்த சூனியம். ரோஜாவைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குப் புல்தான். அப்பேர்ப்பட்டவர் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், இறந்துபோன மனைவியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஒரு காய்ந்த பூவை மேசைமேல் வைத்தார்.

புது வீடு கட்டியிருக்கும் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா வச்ச சிவப்புப் பூச்செடி வேணும்ப்பா." வீட்டில் அப்படி ஒரு செடியே இல்லை. பேராவது தெரிந்தால் தேடிப் பார்க்கலாமே என்று வந்திருந்தார்.

"பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். பூ திரும்ப முழுசா கிடைக்காது, பரவாயில்லையா?" என்றார் தாவரவியல் டீச்சர்.

"தாராளமா பிரிங்க டீச்சர். நானும் எஞ்சினைப் பிரிக்காம வாயைத் திறக்க மாட்டேன்."

டீச்சர் பூவை வெந்நீரில் ஊறவிட்டார். சருகு இளகியதும் ஊசியால் இதழ் இதழாகப் பிரித்து, லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"ஃபுட்பால் லில்லி சார். பந்து மாதிரி கொத்தா பூக்கும், இது அதுல ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவதான். அப்புறம் இலையும் போயிடும், தொட்டி காலியா தெரியும். ஆனா கிழங்கு உள்ள தூங்கிட்டிருக்கும்."

"கிழங்கு எப்படி இருக்கும்?"

"பார்க்க வெங்காயம் மாதிரியே இருக்கும்."

வெறும் மண் தொட்டிகளை வெயில் படாமல் நகர்த்தி வைக்கும் மனைவியை அவர் "மண்ணுக்குக் காவலா?" என்று எத்தனை முறை சீண்டியிருப்பார். பூத்தபோதெல்லாம், "வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். காருக்கடியில் படுத்தபடியே, "வரேன், வரேன்" என்றார். போகவே இல்லை. அவள் இறந்த பிறகு தொட்டிகளைக் கவிழ்த்தவர், "பூத்தொட்டியில வெங்காயம் நட்டிருக்கா பாரு உங்கம்மா!" என்று மகளிடம் போனில் சொன்னார். அந்தத் துக்கத்துக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலாக இருவரும் சிரித்தார்கள். அத்தனையையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டார்.

"வீட்டுல இப்ப இல்லைன்னா நர்சரியில கிடைக்கும் சார்," என்றார் டீச்சர். " புதுசுன்னு யாருக்கும் தெரியாது."

அவர் பிய்ந்து கிடந்த ஈர இதழ்களைக் கைக்குட்டையில் பொறுக்கிக் கூட்டுக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் மகள் அழைத்தாள். "பேரு தெரிஞ்சுதாப்பா?"

"தெரிஞ்சுதும்மா." நர்சரி என்று சொல்ல வாய் வந்தது, மனசு வரவில்லை. "அந்த வெங்காயம் ஞாபகம் இருக்கா?"

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.