இடது காதுப் பக்கம்

நாடக நடிகர் சிங்கத்துக்கு ஞாபகசக்தி அபாரம் என்று ஊரே பேசியது. முப்பது நாடகங்கள், ஒரு வரி பிசகாது. பாராட்டு விழாக்களில் தலையைத் தாழ்த்தி, "எல்லாம் கலைத்தாயின் கருணை" என்பார். கலைத்தாய் மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர் மனைவி, நாடகக் குழுவுக்கு அண்ணி. கையில் தாள் கிடையாது, எல்லாம் மண்டையில். சிங்கம் இடது காதை லேசாகச் சாய்த்தால் அடுத்த வரி போய்ச் சேரும். விமர்சகர்கள் அந்தச் சாய்வுக்குக் கம்பீரம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நாற்பது வயதில் அண்ணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெரிய டாக்டர் பேனாவை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "அதோட சினைப்பை ரெண்டையும் எடுத்துடலாம். பிள்ளைங்க வளர்ந்தாச்சு, இனி அதுக்கு என்ன வேலை?"

"அது நல்லாத்தானே இருக்குன்னு ஸ்கேன்ல..." என்று அண்ணி இழுத்தாள்.

"டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? எடுத்துடுங்க டாக்டர்" என்றார் சிங்கம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் சொந்தமாகப் பேசிய வசனம் அது ஒன்றுதான்.

அதன்பின் அவளுக்குத் தூக்கம் போனது. உடம்பு திகுதிகுவென்று எரிந்தது. "வயசாகுதில்ல அண்ணி" என்று குழு ஆறுதல் சொன்னது. பிறகு வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. அரசர் நாடகத்தின் கடைசிக் காட்சியில் சிங்கம் ராணியின் முன் மண்டியிட்டு, "உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்..." என்று காதைச் சாய்த்தார். 'மன்னிப்பு' என்று வரவேண்டும். வரவில்லை. அரங்கம் மூச்சடக்கி இருந்துவிட்டுக் கைதட்டியது. ஒரு பத்திரிகை அந்த மௌனத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கியது. அடுத்தடுத்த மௌனங்களுக்குக் கேலி விசில்தான் கிடைத்தது.

"தூங்கிட்டியாடி?" என்று திரைக்குப் பின்னால் வந்து கேட்டார் சிங்கம்.

"இல்லைங்க. சொல்லு கண்ணு முன்னாடி நிக்குது, வாய்க்கு வரமாட்டேங்குது. பயமா இருக்குங்க."

வேறொரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "சினைப்பைல சுரக்கிற ஹார்மோன் பிள்ளை பெத்துக்க மட்டும் இல்லைம்மா. மூளைக்கும் போய் வேலை பார்க்குது. தூக்கம், ஞாபகம் எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு. தானா நிக்க வேண்டியதை இவ்வளவு சீக்கிரம், ஒரே நாள்ல பிடுங்கினா சிலருக்கு இப்படி ஆகும். அப்பவே ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சிருக்கணும்."

"இப்ப ஆரம்பிச்சா?"

"எரிச்சல் அடங்கும், தூக்கம் வரும். போன வார்த்தையெல்லாம் திரும்பும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

சிங்கம் காதுக்குள் மாட்டி வசனத்தைக் கேட்கும் கருவி ஒன்று வாங்கினார். குழு முக்காலியின் மேல் பொய்த்தாடிப் பெட்டியை வைத்தது.

ஒரு மாலை ஒத்திகைக்குக் கிளம்பியவர் சமையலறை வாசலில் நின்றார். அண்ணி அடுப்பைத் துடைத்தபடி அரசர் வசனத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்றே ஒன்றுதான்..." வந்ததும் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் அங்கேயே நின்றது.

"இங்க பாரு" என்றார் சிங்கம். "உன்கிட்ட நான்..."

அவள் திரும்பினாள். கருவி அவர் சட்டைப்பையில் கிடந்தது. பழக்கம் விடவில்லை, இடது காது அவள் பக்கம் சாய்ந்தது.

அவளும் உதட்டைப் பிரித்தபடி, இந்தத் தடவையாவது அந்தச் சொல் வந்துவிடாதா என்று காத்திருந்தாள்.