கேன்சல் மட்டும் மிஞ்சிய திரை

பேனரில் தன் தலை ராஜகிரிக் கோட்டை மலையைவிடப் பெரிதாக வர வேண்டும் என்பதில் இளையபெருமாளுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. செஞ்சியில் பிளக்ஸ் அடித்துக் கொடுக்கும் கடை அவருடையது. காதுகுத்தோ கல்யாணமோ, எந்தத் தாய்மாமன் தலை எந்த அளவில் வர வேண்டும் என்று ஊருக்கே நிர்ணயித்துக் கொடுத்தவர். சொந்தத் தலைக்குத்தான் ஒரு பேனர் வாய்க்கவில்லை. வியாபாரிகள் சங்கத்துக்குப் புதுத் தலைவர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டதும், அந்தக் குறையைத் தானே தீர்த்துவைக்கத் துணிந்தார்.

"கோட்டை நகரின் கோமானே, தலைமை ஏற்க வருக!" என்பது வாசகம். அடியில் 'இவண்: பொதுமக்கள்.' பொதுமக்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை. அதற்கும் கீழே, கைகூப்பியபடி தபால்தலை அளவில் ஒரு வரிசை முகங்கள். அதில் ஒன்று, இப்போதைய தலைவர் பீமாராவ். எழுபதைத் தாண்டிய அந்த மனிதரின் பெயருக்கு முன்னால் 'அன்புத் தம்பி' என்று போட்டிருந்தது.

"தலைய இன்னும் கொஞ்சம் ஏத்துமா" என்றார் இளையபெருமாள்.

"சார், இப்பவே மலை உங்க காதுக்குப் பின்னாடி பரு மாதிரி தெரியுது" என்றாள் டிசைனர் கலைமதி. அவர் முறைத்ததும் ஏற்றினாள். முழுத்திரையில் பார்க்க வேண்டும் என்றார். காட்டினாள். அந்தத் தலையைத் தாங்க மாட்டாமல் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. வட்டம் மட்டும் அவர் மூக்கின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் பீமாராவ் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார்.

பீமாராவ் கைகாட்டுகிற ஆள்தான் அடுத்த தலைவர் என்பது ஊரறிந்த சங்கதி. அவர் இதைப் பார்த்தால் பதவி மட்டுமா போகும், டீக்கடையில் பெஞ்சும் போகும். இளையபெருமாள் துள்ளி எழுந்தார்.

"லாக் பண்ணு! லாக் பண்ணு!"

"லாக்கத்தான் நீங்க எடுத்துட்டீங்களே சார்!"

எடுத்தது உண்மைதான். முன்பு இருந்த டிசைனர் சிவசங்கர், மச்சான் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காத கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அவலூர்பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான். பந்தல் போட்ட வீடுகளெல்லாம் பேனர் இல்லாமல் நின்றன. இளையபெருமாளே அவன் வீடு தேடிப் போய்க் கெஞ்சிப் பாஸ்வேர்டை வாங்கி வந்தார். வந்த வேகத்தில் ஒரு டெக்னீஷியனைப் பிடித்து, கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அமுக்கினால் வருகிற திரையில் இருந்ததையெல்லாம் எடுக்கச் சொன்னார். லாக், சைன் அவுட், பாஸ்வேர்டு மாற்றுவது, ஆளை மாற்றுவது, டாஸ்க் மேனேஜர் எல்லாம் போயின. "கோட்டைக்குக்கூட இவ்ளோ காவல் இருந்திருக்காது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

"அப்போ மூடித் தொலை!"

"நின்னுபோனத மூடணும்னா டாஸ்க் மேனேஜர் வேணும். அதையும் எடுத்துட்டீங்க."

மானிட்டர் பட்டன் பின்புறம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வயரைப் பிடுங்க மேஜைக்கடியில் குனிந்தார். தொப்பை பாதி வழியில் மறியல் செய்தது. கதவு திறந்தது. கலைமதி வேறு வழி தெரியாமல் அந்த மூன்று பட்டன்களையும் சேர்த்து அமுக்கினாள்.

தலை மறைந்தது. மலை மறைந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் 'கேன்சல்' என்று ஒரே ஒரு சொல்.

"இன்னா இளையா, கீழ இன்னாத்த தேடுற?" என்றபடி பீமாராவ் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்லணா. பேனா." மேலே வந்த இளையபெருமாளின் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன.

"இது இன்னாது, ஒரே நீலமா கீது? ஏதோ கேன்சல்னு வேற போட்டிருக்குது. எதுனா கல்யாணம் நின்னுபோச்சா?"

"செக்யூரிட்டிணா."

"அமுக்குனா இன்னா வரும்?" பீமாராவின் கை மவுசின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, ஷாக் அடிக்கும்ணா!"

பீமாராவ் கையை உதறினார். "பொண்ணு தொட்டுக்கினு தானே இருந்துச்சு?"

"நான் செருப்பு போட்டிருக்கேன் பெரியப்பா" என்றாள் கலைமதி, முகம் மாறாமல்.

பீமாராவ் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டிருந்தார். நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"முட்டி வலி தாங்கல இளையா. சங்கத்த யார் கையிலயாவது குடுத்துட்டு உக்காரலாம்னு பார்த்தேன். அனந்தபுரம் ரோட்டுல ஒருத்தன் அவனுக்கு அவனே பேனர் வெச்சிக்கினு கீறான். அதுல நான் கைகூப்பிக்கினு நிக்கிறேன். என்னைக் கேட்டானா? அவன் வேணாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன்."

"தப்புணா" என்றார் இளையபெருமாள். "ரொம்பத் தப்பு."

"ஊருக்கெல்லாம் பேனர் அடிக்கிற நீ, உனக்குன்னு ஒண்ணு அடிச்சியா? பாரு, உன் கம்ப்யூட்டர்லகூட ஒண்ணுங்கிடையாது, வெறும் நீலம். கூட்டத்துல உன் பேரத்தான் சொல்லப்போறேன்."

கலைமதிக்குத் திடீரென்று இருமல் வந்து, தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் இளையபெருமாள் முழுசாக மூச்சு விட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபேனுக்கு நேராக நாற்காலியைத் தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தார். காற்று இவ்வளவு இதமாக வீசும் என்று அன்றைக்குத்தான் கண்டார். கொஞ்ச நேரத்தில் பழைய மிடுக்கும் திரும்பி வந்தது.

"பார்த்தியா? எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேனே, எவ்ளோ யூஸ் ஆச்சு பாரு!"

"லாக் இருந்திருந்தா நீங்க கீழ குனிஞ்சே இருக்க வேணாம் சார்."

அவர் ஃபேனைப் பார்த்தார். "சரி, அந்த டெக்னீஷியனுக்கு போன் போடு. எல்லாத்தையும் திருப்பி வெக்கச் சொல்லு. லாக்க முதல்ல."

"பாஸ்வேர்டு மாத்துறது?"

"அது மட்டும் வேணாம். உனக்கும் மச்சான் இருப்பான்."

கலைமதி கேன்சலை அமுக்கினாள். கம்ப்யூட்டர் இதற்குள் தெளிந்திருந்தது. வட்டத்தைக் காணோம். தலை மட்டும் மலையை மறைத்துக்கொண்டு சிரித்தது.

"அழிச்சிரு" என்றார் இளையபெருமாள். "கோமான், பொதுமக்கள், அன்புத் தம்பி எல்லாத்தையும் அழி."

அழித்தாள். தலையும் மலையும் மட்டும் பாக்கி. அவள் விரல் டெலிட் பட்டனுக்குப் போனது.

"இரு, இரு." அவர் குரல் இறங்கியது. "எழுத்து எதுவும் வேணாம். தலை இருக்கட்டும். அந்த மலைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கி... சின்னதா ஒண்ணு எடுத்துக் குடு. வீட்டு ஹாலுக்கு."