இடது கை முடியாத ஸ்வெட்டர்

திண்டுக்கல் பேகம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் மன்சூரின் மனைவி பாஸிலா, தன் முதல் குழந்தையைப் பதினான்கு மாதம் சுமந்தாள். ஜனவரி முதல் வாரம் பிறக்க வேண்டிய குழந்தை மே மாதம் கத்திரி வெயிலில்தான் பிறந்தது. காரணம், அதற்காகப் பின்னிய பச்சை ஸ்வெட்டரின் இடது கை முழங்கையோடு நின்றுபோயிருந்தது.

பின்னியவர் மன்சூரின் அக்கா ஹாஃபிஸா. கட்டிக்கொடுத்த இடம் கொடைக்கானல். அங்கே எட்டு வருடம் குளிரில் இருந்துவிட்டு, கணவர் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு ஒரு இரும்புப் பெட்டியோடும் இரண்டு பின்னல் ஊசிகளோடும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். மலையை விட்டு இறங்கியும் அவர் கை நிற்கவில்லை. மின்விசிறியே அனல் காற்றை வீசும் ஊரில் உட்கார்ந்து, வீட்டிலுள்ள எல்லோருக்கும் மஃப்ளரும் குல்லாவும் பின்னிக்கொண்டிருந்தார். அக்கா மனம் நோகக் கூடாது என்று மன்சூர் பிரியாணி அடுப்பின் முன்னால்கூட மஃப்ளரோடுதான் நிற்பார். வாடிக்கையாளர்கள் தொண்டை சரியில்லையா என்று விசாரித்து விசாரித்து அலுத்துவிட்டார்கள்.

பாஸிலா உண்டானது தெரிந்த அன்றே ஹாஃபிஸா பச்சை நூலை எடுத்துவிட்டார். பாஸிலா தாயில்லாத பெண். பிரசவப் பொறுப்பும் இந்த வீட்டுக்குத்தான் என்பதால் அவர் கவனிப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. உடம்பு முடிந்தது, வலது கை முடிந்தது, மார்பில் வாத்து வடிவத்தில் இரண்டு மஞ்சள் பொத்தான்களும் ஏறின. ஏழாம் மாதம் தொடங்கிய அன்று இடது முழங்கை வரை வந்து ஊசியை நிறுத்திவிட்டார். பிறக்காத பிள்ளைக்கு எதையும் முழுதாகத் தயார் பண்ணி வைக்கக் கூடாது என்று தெருவில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான், அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அரைக்கை ஸ்வெட்டர் பிஸ்கட் டின்னுக்குள் போனது. கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும் என்று மீதி நூல் முழுவதையும் மன்சூருக்கு இன்னொரு மஃப்ளராகப் பின்னிப் போட்டார்.

ஜனவரி வந்தது, வலி வரவில்லை. டாக்டர் தீபா பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். கத்தி தோலில் ஏறவில்லை. கம்பளியை அறுப்பதுபோல் வழுக்கிக்கொண்டே போனது. பிப்ரவரியில் மறுபடி பார்த்தார்கள், அதே கதைதான். இருபது வருட அனுபவமுள்ள டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாகத்தான் இருந்தது. பாஸிலாவுக்குத்தான் நாளுக்கு நாள் முடியாமல் போனது. எழுந்தால் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. கால் வீங்கி, செருப்பு போடுவதையே விட்டுவிட்டாள். ஏப்ரல் கடைசியில் அவளுக்கு மூச்சும் வாங்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு மாதம் போனால் தாயா பிள்ளையா என்று யோசிக்க வேண்டிவரும் என்று டாக்டர் மன்சூரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அன்று கடையில் பிரியாணிக்கு உப்பில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அதே வாரம் எடுத்த ஸ்கேனில்தான் எல்லோருக்கும் தலை சுற்றியது. குழந்தை ஸ்வெட்டர் போட்டிருந்தது. பொத்தான்கள் வாத்து வடிவில் தெளிவாகத் தெரிந்தன. வலது கை முழுவதும் மூடியிருக்க, இடது கையை மட்டும் தையல்காரரிடம் அளவு கொடுப்பதுபோல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கை நீட்டியபடியேதான் இருந்தது. பிஸ்கட் டின்னில் வைத்தது எப்படி உள்ளே போனது என்று மன்சூர் வீட்டுக்கு ஓடிவந்து திறந்து பார்த்தார். ஸ்வெட்டர் டின்னிலும் இருந்தது.

பாஸிலா மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நேராக நாத்தனார் முன்னால் வந்து நின்றாள்.

"மதினி, அந்தக் கைய முடிச்சிருங்க."

"மாட்டேன் பாஸி. கொடைக்கானல்ல எம் பிள்ளைக்குப் பின்னி ஏழாம் மாசமே முடிச்சேன். முடிச்ச அன்னிக்கே பிறந்துருச்சு. செத்த நேரந்தான் மூச்சு இருந்துச்சு."

பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் அவர் அதைச் சொன்னதில்லை. முழுதாக முடிந்ததைப் பார்த்து யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பாஸிலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது நாளாகாம வந்துச்சு மதினி. இதுக்கு நாள் தாண்டிப் போச்சு. நீங்கதான் பிடிச்சு வச்சிருக்கீக."

ஹாஃபிஸா தன் கைகளைப் பார்த்தார். ஒரு பிள்ளையை அவசரப்படுத்தி வரவழைத்ததும், இன்னொரு பிள்ளையை வரவிடாமல் நிறுத்தியதும் இந்தக் கைகள்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் குளித்து, தொழுதுவிட்டு வந்து டின்னைத் திறந்தார்.

ஆனால் நூல் இல்லை. கடைவீதியில் அதே பச்சையைத் தேடி வாங்கி நான்கு வரிசை பின்னினார். ஊசியைக் கீழே வைத்ததும் நான்கும் தானாகப் பிரிந்து மடியில் விழுந்தன. மூன்று முறை இப்படியே ஆனது. பார்த்துக்கொண்டிருந்த மன்சூர் கழுத்திலிருந்த மஃப்ளரின் ஒரு முனையை எடுத்து நீட்டினார்.

"அக்கா, அதே நூலுதான எங் கழுத்துல கிடக்கு."

மஃப்ளரைக் கழற்றக்கூட நேரமில்லை. முனையைப் பிரித்து முதல் வரிசை பின்னியதும் பாஸிலாவுக்கு முதல் வலி வந்துவிட்டது. இரண்டாம் வரிசைக்கு இரண்டாம் வலி. ஆட்டோ வந்தது. பாஸிலா ஒரு பக்கம், நடுவில் பின்னியபடி ஹாஃபிஸா, மறு பக்கம் கழுத்து பிரிந்துகொண்டிருக்கும் மன்சூர் என்று மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் மூக்கையா கண்ணாடியில் ஒருதரம் பார்த்தார், அதன்பிறகு ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினார். பிரசவ அறைக் கதவு சாத்தியபின் அக்காவும் தம்பியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மணிக்கட்டை நெருங்க நெருங்க ஹாஃபிஸாவின் விரல்கள் வேகம் குறைந்தன. மூன்று வரிசை பாக்கி இருக்கும்போது ஊசி நின்றுவிட்டது. அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. உள்ளேயிருந்து பாஸிலாவின் குரல் வந்தது. "மதினி, நிறுத்தாதீக."

கடைசிக் கண்ணியை முடித்த நொடியில் அவர் மடியிலிருந்த ஸ்வெட்டரைக் காணோம். கையில் ஊசிகள் மட்டும் இருந்தன. பச்சை நூல் ஒன்று மன்சூரின் கழுத்திலிருந்து தரை வழியே போய்க் கதவுக்கு அடியில் நுழைந்திருந்தது. உள்ளே பிள்ளை அழுதது.

கதவைத் திறந்த நர்ஸ் பேச்சாயியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆண் பிள்ளை, ஸ்வெட்டர் போட்டபடி பிறந்திருந்தான், நனைந்தும் இருக்கவில்லை. கீழே இரண்டு பல் முளைத்திருந்தன. தொப்புள் கொடியை டாக்டர் அறுத்தாயிற்று. இடது கையிலிருந்து வரும் நூலை அறுக்கத்தான் அங்கே யாருக்கும் துணிவு வரவில்லை. ஹாஃபிஸா உள்ளே போய்ப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். மூச்சு வருவதும் போவதுமாக இருந்தது. அதன்பிறகே கத்தரியை வாங்கி நூலை வெட்டினார். வெட்டிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதார்.

பிள்ளைக்கு ஆசாத் என்று பெயர் வைத்தார்கள். மன்சூர் கழுத்தில் மிஞ்சிய நாலு விரல் அகல மஃப்ளர் இப்போது கடையின் கல்லா ஆணியில் தொங்குகிறது. பேகம்பூரில் யார் உண்டானாலும் நூல் வாங்கி ஹாஃபிஸாவிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் ஸ்வெட்டரின் உடம்பையும் வலது கையையும் பின்னி டின்னில் போட்டுவிட்டு நாள் எண்ணுகிறார். டாக்டர் தீபாவும் சிக்கலான கேஸ் என்றால் இடது கையை எந்த வாரம் முடிக்கலாம் என்று போன் செய்து கேட்டுக்கொள்கிறார். வெளிநாட்டிலிருந்து புருஷன் வந்திருக்கிறார், லீவு முடிவதற்குள் பிறந்தால் தேவலை என்று சிலர் கெஞ்சுவார்கள். ஹாஃபிஸா டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார். நாளாகாமல் யார் கேட்டாலும் அவர் ஊசியைத் தொடுவதில்லை.